ஒரு கணினியில் இரு பணிசெயல் முறைமைகள்

யாழ்ப்பாணத்து வளவொன்றினை உடன்பிறந்தார் இருவர் பங்கிட்டு வாழ்தல் நாம் நாளும் காண்பதே. வேலி நேராயின் உறவும் நேராகும். ஆயினும் கிணறு பொது. ஒரு கணினியில் விண்டோஸ், லினக்ஸ் என்னும் இரு பணிசெயல் முறைமைகளைக் குடியேற்றுவதும் ஏறத்தாழ இத்தகையதே.

விண்டோஸ் 10க்கு வழங்கப்பட்ட இலவசப் பாதுகாப்பு 2025 ஒக்டோபர் 14 ஆம் நாளோடு பொதுவில் நின்றது. பழைய கணினிகள் பல விண்டோஸ் 11ஐ ஏற்பதில்லை. அவற்றை எறிந்துவிடாது, பழகிய மென்பொருள்களுக்கு விண்டோஸையும், இணையத்துக்கு 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிய லினக்ஸையும் வைத்துக்கொள்ளலாம். லினக்ஸுக்கு விலையும் இல்லை.

நாம் முதன்முறை இம்முயற்சியிற் புகுந்தபோது, வட்டு முழுவதையும் அழித்து நிறுவும் தெரிவினை வாசியாதே அமுக்கினோம். பதினோராண்டு வினாத்தாள்களும் இலக்கணப் பாடக்குறிப்புகளும் போயின. பிரதி ஒன்றும் இல்லை. வினாவை இருமுறை வாசிக்குமாறு மாணாக்கருக்கு ஓயாது உரைக்கும் நாமே வாசிக்கவில்லை என்பதை மறைப்பதற்கில்லை. ஆதலின், கோப்புகளை வேறொரு வன்தட்டிற் பிரதிசெய்தலே முதற்கருமம். பிட்லொக்கர் பூட்டு உளதாயின் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்க.

வேலியை, முன் குடியிருக்கும் விண்டோஸைக் கொண்டே இடுவித்தல் நன்று. அதன் வட்டு முகாமைக் கருவியாற் பகுதியைச் சுருக்கி, உபுண்டு போன்றதொரு லினக்ஸுக்கு 25 ஜிகாபைற்றேனும் வெற்றிடம் விடுக. 50 ஆயின் தாராளம். பின்னர், உபுண்டு ஏற்றிய பென் டிரைவினின்று கணினியைத் தொடக்கி, விண்டோஸின் பக்கத்தே நிறுவும் தெரிவினைக் கொள்க. நிறுவியபின், கிறப் என்னும் தொடக்கி படலையில் நின்று எவ்வீட்டுக்குச் செல்வதென ஒவ்வொரு முறையும் வினவும்.

விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதியை நிறுத்திவிடுக. அது உள்ளவரை, அணைக்கப்பட்ட விண்டோஸ் அரைத்துயிலிலேயே கிடக்கும். அதன் பகுதியில் எழுத லினக்ஸ் மறுக்கும்.

கிணற்றுச் சச்சரவு கடிகாரத்தில் எழும். கணினியின் உள்ளிருக்கும் கடிகாரம் ஒன்றே. அதனை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் கொள்ளும். லினக்ஸில் இருந்துவிட்டு விண்டோஸிற் புகின், நம் நாட்டில் நேரம் ஐந்தரை மணித்தியாலம் பிந்தும். காலை பத்து மணிக்கு நாலரை எனக் காட்டும். உள்ளூர் நேரத்தையே வைக்குமாறு லினக்ஸுக்கு ஒரு கட்டளை இட்டால் இது தீரும். கணினியின் சிறு மின்கலம் பழுதென்றெண்ணிப் புதிது வாங்கிப் பொருத்திய பின்னரே இஃது நமக்கு விளங்கிற்று.