வாரம் ஒரு நாள்... ஜோடியாக நடங்கள்!

‘‘எங்கேயாவது வெளியே போயிட்டு வரலாமாங்க?’’ என்று மனைவி கேட்டால், பல வீடுகளில் வருகிற பதில், ‘‘போன வாரந்தானே கல்யாணத்துக்குப் போனோம்!’’ என்பதுதான்.

கல்யாணம், கோயில், ஜவுளிக்கடை எல்லாம் வெளியே போவதுதான். ஆனால், மரம் செடிகளுக்கு நடுவே கணவனும் மனைவியும் அவசரமில்லாமல் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வருவது வேறு ரகம். அது செலவில்லாத வைத்தியம்!

திண்டுக்கல் பக்கத்து மக்களுக்கு இதைத் தொடங்க நல்ல நேரம் மாசி, பங்குனி. நம் கணக்கில் இது பின்பனிக்காலம். காலையில் காற்று குளுகுளுவென்று இருக்கும். புங்கை பழைய இலையை உதிர்த்துப் புதுத் தளிர் விடும். பங்குனி கடைசியில் வேப்பம்பூ கொட்ட ஆரம்பித்துவிடும். சித்திரை வந்துவிட்டால் வெயில் நம்மை வீட்டுக்குள் தள்ளிவிடும். ஆகவே, இந்த எட்டு வாரங்களை விட்டுவிடாதீர்கள்.

எவ்வளவு நேரம் போதும்?

பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். மிதமான என்றால்? நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அதுதான் கணக்கு!

2019-ல் வெளியான ஓர் ஆய்வு, இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரைக் கேட்டு நடத்தப்பட்டது. வாரத்தில் மொத்தம் 120 நிமிடமாவது பூங்கா, காடு, கடற்கரை போன்ற இடங்களில் இருந்தவர்கள், உடலும் மனசும் நன்றாக இருப்பதாக அதிகம் சொன்னார்கள். ஒரே நாளில் இருந்தாலும் சரி, பிரித்துப் பிரித்து இருந்தாலும் சரி, பலன் ஒன்றாகவே தெரிந்தது. ஆரோக்கியமாக இருப்பவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்களோ என்ற கேள்வி இதில் உண்டு. என்றாலும், முயன்று பார்ப்பதில் நமக்கு நஷ்டமில்லையே!

ஞாயிற்றுக்கிழமை 60 நிமிடம், மற்ற நாட்களில் ஐந்து நாள் தலா 20 நிமிடம் வீட்டுப் பக்கத்திலேயே நடந்தால் 160 நிமிடம் ஆகிவிடும். ‘‘நாள் முழுக்க வீட்டு வேலை செய்யறேனே, அது போதாதா?’’ என்று இல்லத்தரசிகள் கேட்கலாம். நின்ற இடத்தில் சமைப்பதும், குனிந்து நிமிர்வதும் களைப்பைத் தரும். ஆனால், இதயமும் நுரையீரலும் சீராக வேலை செய்ய, தொடர்ந்து நடப்பதே நல்லது.

எங்கே போகலாம்?

முதல் இரண்டு வாரம்: வீட்டுக்குப் பக்கத்துப் பூங்கா. சமதளம், 20 நிமிடம். உடம்பு பழகட்டும்.

மூன்றாவது, நான்காவது வாரம்: மலைக்கோட்டை. 1605-ல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில் தொடங்கிய கோட்டை இது. மொட்டைப் பாறை சீக்கிரமே சூடேறிவிடும் என்பதால் காலையிலேயே ஏறிவிடுங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் மூட்டுக்குச் சிரமம், நிதானமாக இறங்குங்கள். மூட்டுவலி உள்ளவர்கள் மேலே போகாமல் அடிவாரத்திலேயே நடக்கலாம். கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழா நாட்களில் கூட்டம் இருக்கும். அந்த வாரம் வேறு இடம் பாருங்கள்.

ஐந்தாவது வாரம்: சிறுமலை. 18 கொண்டை ஊசி வளைவுகள். தலைசுற்றல் வருகிறவர்கள் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டாம். பக்கவாட்டில் பார்க்காமல் நேரே சாலையைப் பாருங்கள். மேலே மரநிழலில் நடந்துவிட்டு, வரும்போது மலை வாழைப்பழம் வாங்கி வரலாம். சருகு காய்ந்திருக்கும் காலம் இது. தீக்குச்சி, பீடி, சிகரெட் எதுவும் காட்டில் வேண்டாம்.

எட்டு வாரமும் தவறாமல் நடந்துவிட்டால் உங்களுக்கு நீங்களே தரும் பரிசு, கொடைக்கானல் பிரையண்ட் பூங்கா! 1908-ல் உருவான இந்தப் பூங்கா சுமார் 20 ஏக்கர். கொடைக்கானலுக்கு 2024-ல் இ-பாஸ் முறை வந்தது. கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரம் என்பதால் இதய நோயாளிகள் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

அவர் முன்னே, இவர் பின்னே!

நம் ஊரில் ஜோடியாக நடப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அவர் பத்தடி முன்னால் போய்க்கொண்டிருப்பார். அம்மா பின்னால் மூச்சு வாங்க ஓடி வருவார். இதற்குப் பெயர் ஜோடி நடை இல்லை.

அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தினர் 72 ஜோடிகளை நடக்கவிட்டுப் பார்த்து 2021-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். தனியாக நடப்பதைவிட, சேர்ந்து நடக்கும்போது இருவரின் வேகமும் குறைந்தது. கைகோத்து நடந்தால் இன்னும் குறைந்தது!

என்ன செய்யலாம்? முதல் 20 நிமிடம் அவரவர் வேகத்தில் பூங்காவைச் சுற்றுங்கள். மீதி நேரம் மெதுவாக நடப்பவரின் வேகத்துக்கு மற்றவர் இறங்கி வரட்டும். முன்னது உடம்புக்கு, பின்னது மனசுக்கு. பின்பாதியில் பேசுங்கள்... ஆனால், பள்ளிக்கூட ஃபீஸ், வீட்டுக் கடன் இரண்டும் அன்றைக்கு லீவு!

துணையின் கண்தான் முதல் டாக்டர்

ஜோடியாக நடப்பதில் பலரும் யோசிக்காத பெரிய லாபம் ஒன்று உண்டு. மாதம் ஒரு முறையாவது அதே பாதையில், அதே மேட்டில் நடந்து பாருங்கள். போன மாதம் சாதாரணமாக ஏறிய மேட்டில் இந்த மாதம் அவர் இரண்டு தடவை நின்றால், அது உங்கள் கண்ணில் படும். சம்பந்தப்பட்டவரோ, ‘‘ஒண்ணுமில்ல, வயசாகுதுல்ல’’ என்று சமாளித்துவிடுவார். நீங்கள் சமாதானம் ஆகாதீர்கள்.

பெண்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. நெஞ்சுவலியோடு, அல்லது அது இல்லாமலேகூட, காரணமில்லாத களைப்பு, குமட்டல், முதுகு வலி, தாடை வலி என்று இதய நோய் தலைகாட்டலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே தெரியாமலும் போகலாம். ‘‘வேலை ஜாஸ்தி, அதான் அசதி’’ என்று மனைவி சொன்னால், கணவர் அதோடு விட்டுவிடக் கூடாது. இப்படி மாறுதல் தெரிந்தால் அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், திடீர் வியர்வை, மயக்கம் வந்தால் உடனே உட்கார வைத்து 108-ஐ அழையுங்கள்.

கிளம்பும் முன்...

* ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர், தலைக்குத் தொப்பி அல்லது குடை.

* காலை 8 மணிக்கு முன், அல்லது மாலை 5 மணிக்குப் பின் நடங்கள்.

* இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட நேரம் நடக்க வேண்டாம். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். கை நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சாப்பிட வேண்டும்.

* செருப்பைவிடக் காலைக் கவ்விப் பிடிக்கும் ஷூ நல்லது. சர்க்கரை நோயாளியின் பாதத்தை வீடு திரும்பியதும் துணைவர் பார்க்கட்டும். சின்னக் கொப்புளம்கூட அலட்சியத்துக்கு உரியதல்ல.

* அரை மணி நேர நடைக்குச் செலவாவது ஏறத்தாழ 100 கலோரிதான். திரும்பும் வழியில் இரண்டு பஜ்ஜி தின்றால் கணக்கு நேராகிவிடும்... ஜாக்கிரதை!

இந்த ஞாயிற்றுக்கிழமை காலண்டரில் ஒரு வட்டம் போடுங்கள். நேரத்தையும் இடத்தையும் இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். ஒரு வாரம் அவர் சொல்கிற இடம், அடுத்த வாரம் இவர் சொல்கிற இடம் என்று வைத்துக்கொண்டால் சண்டையும் மிச்சம்!