போரிங் கடைக்குப் போகும் முன்

தம்பிகளா, கண்மாய் வற்றினால் போதும், பழைய ஆர்எக்ஸ் 100-க்குப் பட்டன் டயர் மாட்டிக்கொண்டு புழுதிக்குள் இறங்கிவிடுகிறீர்கள். 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன வண்டி அது. இன்று உங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் ஏற்கெனவே இன்ஜின் பிரித்ததாகத்தான் இருக்கும். டி.வி.எஸ். 1911-இல் தொழில் தொடங்கிய ஊர் நம் மதுரை. இன்ஜினைப் பிரித்து மாட்டத் தெரிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. அளந்து மாட்டுகிற கைகள்தான் குறைவு. பிஸ்டனுக்கும் சிலிண்டர் போருக்கும் நடுவில் விடும் கிளியரன்ஸை லேத்காரர் தலையில் கட்டிவிட்டு வந்துவிடுகிறீர்கள். அதை நீங்களே அளந்து பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

1. முதலில் பிஸ்டன், அப்புறம்தான் போரிங். "0.50 ஓவர்சைஸ் போட்டு வைங்கண்ணே, பிஸ்டன் பிறகு வாங்கித் தர்றேன்" என்று பிளாக்கை மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள். பெட்டியில் ஒரே அளவு அச்சடித்த இரண்டு பிஸ்டன்கள் அளவில் நூறில் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் மாறி இருக்கலாம். 50 மில்லிமீட்டர் பிஸ்டனுக்கு நாம் விடப்போகும் இடைவெளியே நூறில் மூன்றிலிருந்து ஐந்துக்குள்தான். உங்கள் வண்டிக்கான சரியான அளவு கம்பெனி சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். அதைத் தேடிப் பிடியுங்கள். பிஸ்டனையும் பிளாக்கையும் சேர்த்தே கொடுங்கள்.

2. பிஸ்டன் உருண்டை இல்லை. பார்வைக்கு வட்டமாகத் தெரியும்; உண்மையில் நீள்வட்டம், அதுவும் மேலே சிறுத்து கீழே அகன்றது. தலைப்பக்கம் நெருப்பில் வேகிறது, அதிகம் விரிகிறது. அதனால் அங்கே வேண்டுமென்றே குறைத்துச் செய்கிறார்கள். தலையில் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். பிஸ்டன் பின் மாட்டும் துளைக்கு நேர்க்குறுக்காக, பாவாடையின் (ஸ்கர்ட்டின்) அடி விளிம்பிலிருந்து புத்தகம் சொல்லும் உயரத்தில் பிடித்து அளக்க வேண்டும். கொஞ்சம் மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள், அளவு மாறுவது கண்ணுக்கே தெரியும்.

3. வெர்னியர் இந்த வேலைக்கு ஆகாது. சாதாரண வெர்னியர் காட்டும் குறைந்த அளவு 0.02, நமக்கு வேண்டிய இடைவெளியில் பாதி அதிலேயே போய்விடும். மைக்ரோமீட்டர்தான் வேண்டும். ஸ்டாண்டர்ட் பிஸ்டன் 50-க்குச் சற்றுக் கீழே நிற்பதால் 25–50 மைக்ரோமீட்டர் போதும். 0.25 ஓவர்சைஸ் போனாலே 50-ஐத் தாண்டிவிடும், 50–75 தேவைப்படும். இருப்பதை வைத்துச் சமாளிக்காதீர்கள், கேட்டு வாங்கி அளங்கள். ராட்செட்டைத் திருகித்தான் இறுக்க வேண்டும்; பீப்பாயைப் பிடித்து இறுக்கினால் அளவு குறைந்து காட்டும்.

4. போருக்கு டயல் போர் கேஜ். பலருக்குத் தெரியாத வழி ஒன்று உண்டு. பிஸ்டனை அளந்த அதே மைக்ரோமீட்டரை அந்த அளவிலேயே பூட்டிக்கொள்ளுங்கள். அதன் வாய்க்குள் போர் கேஜை வைத்து முள்ளைச் சைபரில் நிறுத்துங்கள். பிறகு கேஜைப் போருக்குள் இறக்கினால் முள் காட்டுவதே கிளியரன்ஸ். மைக்ரோமீட்டரில் சிறு பிசகு இருந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே பிசகு என்பதால் கழிந்துவிடும். கேஜை முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். முள் ஒரு பக்கம் போய்த் திரும்பும் இடம் எதுவோ அதுதான் அளவு. மேல், நடு, கீழ் என மூன்று உயரம். சைலன்சர் வாக்கில் ஒன்று, குறுக்கே ஒன்று. மொத்தம் ஆறு அளவு. போர்ட் ஓட்டையில் கேஜின் கால் இறங்கிவிடாமல் சுவர் இருக்கும் இடமாகப் பாருங்கள். புதுப் போரில் ஆறில் சிறியதே உங்கள் கிளியரன்ஸ்.

பீலர் கேஜைப் பிஸ்டன் பக்கத்தில் செருகி இழுத்துப் பார்ப்பது அவசரத்துக்கு உதவும். வளைந்த சுவரில் தட்டைத் தகடு சரியாகப் படியாது, போர் நீள்வட்டமாகத் தேய்ந்திருப்பதையும் அது காட்டாது. ரிங் வாய் இடைவெளி பார்க்க அது போதும்.

5. சித்திரை வெயிலை மறக்காதீர்கள். கடை வாசலில் வெயிலில் கிடந்த பிளாக்கை அப்படியே எடுத்து, நிழலில் இருந்த பிஸ்டனோடு ஒப்பிட்டால் நூறில் ஒன்றுக்கு மேல் பொய்க் கிளியரன்ஸ் வரும். பிஸ்டன், பிளாக், மைக்ரோமீட்டர் மூன்றையும் ஒரே மேசையில் நிழலில் ஆறவிட்டு அளங்கள். ராத்திரி முழுக்க வைத்துவிட்டுக் காலையில் அளப்பது உத்தமம்.

6. பழைய லேத்காரர்கள் 'தௌ' கணக்கில் பேசுவார்கள். ஒரு தௌ 0.0254 மில்லிமீட்டர். "ஒண்ணரை விட்டிருக்கேன்" என்றால் எந்தக் கணக்கில் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

7. பழைய பிஸ்டனைத் தூக்கி எறியாதீர்கள், அது ஒரு சாட்சி. சுற்றிலும் நாலு இடத்தில் உரசல் இருந்தால் கிளியரன்ஸ் இறுக்கமாக இருந்திருக்கும், அல்லது வண்டி சூடேறும் முன்பே முறுக்கியிருப்பார்கள். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதுவும் முதலில் சூடாவது பிஸ்டன்தான். சைலன்சர் பக்கம் மட்டும் உரசியிருந்தால் ஆயில் பம்பையும் கார்புரேட்டரையும் சந்தேகப்படுங்கள். அந்தக் குறையைச் சரிசெய்யாமல் புதுப் பிஸ்டன் போட்டால் அதுவும் அதே கதிதான். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு: காரணம் தெரியாமல் இன்ஜினை மூடவே கூடாது.

8. போரிங், ஹோனிங் முடிந்து வந்ததும் போர்ட் விளிம்புகளை விரலால் தடவிப் பாருங்கள். கூராக இருந்தால் ரிங் மாட்டி உடையும்; லேசாக மழுக்கச் சொல்லுங்கள். பிறகு வெந்நீரும் சோப்புத் தூளும் போட்டுப் பிரஷ்ஷால் தேயுங்கள். பெட்ரோலில் மட்டும் கழுவினால் ஹோனிங் கல்லின் துகள் கீறலுக்குள்ளேயே தங்கிவிடும். வெள்ளை வேட்டித் துணியால் துடைத்துப் பார்த்து, சாம்பல் கறை வருவது நிற்கும் வரைக்கும் கழுவுங்கள். உலர்ந்தவுடன் ஆயில் தடவுங்கள், அரைமணி விட்டால் துரு பிடிக்கும்.

9. ஏர் ஃபில்டர் இல்லாமல் கண்மாய்க்குள் இறங்காதீர்கள். அங்கே பறப்பது மண்ணில்லை, அரைத்த மணல். ஃபோமைக் கழுவி, ஆயிலில் நனைத்துப் பிழிந்து மாட்டுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும்.

10. ஆறு அளவையும் பிஸ்டன் அளவையும் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். அடுத்த முறை பிரிக்கும்போது எந்தப் பக்கம் எவ்வளவு தேய்ந்தது என்று அந்தப் பக்கத்தைப் புரட்டினால் தெரிந்துவிடும். ரிங் மட்டும் மாற்றலாமா, அடுத்த ஓவர்சைஸ் போக வேண்டுமா என்பதை யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.