மாலத்தீவில் சம்பளப் பட்டியல்: முதன்முறை போடுபவருக்கு முழுமையான வழிகாட்டி

மாலத்தீவின் ரிசார்ட்டுகளுக்கும் விருந்தினர் இல்லங்களுக்கும் கணக்கு வேலைக்காகப் போகிறவர்கள் நம்மவர்களில் உண்டு. நம்மூர் பி.எஃப்., டி.டி.எஸ். பழக்கத்தை அப்படியே அங்கே கொண்டுபோனால் முதல் மாதமே சிக்கல். ஒரே பட்டியலில் பெயர் இருந்தாலும் உள்ளூர்க்காரருக்கும் வெளிநாட்டவருக்கும் விதி வேறு.

படி 1: ஆட்களைப் பிரியுங்கள்

தொகையைத் தொடும் முன் பட்டியலை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். 2009ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டப்படி, மாலத்தீவு குடிமகனின் அடிப்படைச் சம்பளத்தில் 7 சதவீதம் பிடிக்க வேண்டும். நிறுவனமும் 7 சதவீதம் சேர்க்க வேண்டும். வெளிநாட்டவருக்கு இது கட்டாயமில்லை. 2022இல் வந்த குறைந்தபட்ச ஊதியமும் குடிமக்களுக்கு மட்டுமே. அதனால் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு ஒப்பந்தத் தாள்தான் காவல்.

படி 2: ஒப்பந்தத்தைப் படியுங்கள்

2008ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்குகிறது. அடிப்படைச் சம்பளம், படிகள், எந்த நாணயம் என்பதெல்லாம் அதில் இருக்கிறதா பாருங்கள். டாலரில் பேசி ரூஃபியாவில் கொடுக்கும்போதுதான் சண்டை வருகிறது. சாதாரண வேலை வாரத்துக்கு 48 மணி நேரம். ஓவர்டைமுக்கு ஒன்றேகால் மடங்கு. வெள்ளிக்கிழமையிலும் பொது விடுமுறையிலும் ஒன்றரை மடங்கு. ஓராண்டு முடித்தவருக்குச் சம்பளத்தோடு 30 நாள் விடுப்பு. முஸ்லிம் ஊழியருக்கு நோன்பு தொடங்கும் முன்பே ரமலான் படி போய்ச் சேர வேண்டும்.

படி 3: சர்வீஸ் சார்ஜுக்குத் தனிப் பத்தி

ரிசார்ட் ஊழியரின் வருமானத்தில் பெரும்பங்கு இதுதான். சீசனில் அடிப்படைச் சம்பளத்தையே தாண்டிவிடும். விருந்தினரிடம் வசூலித்ததில் 99 சதவீதம் ஊழியர்களுக்குப் போயாக வேண்டும். நிர்வாகச் செலவுக்கு 1 சதவீதம் மட்டுமே. சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவருக்கும் சமபங்கு உண்டு. மொத்த வசூல், பங்கு பெறுவோர் எண்ணிக்கை, ஒருவரின் பங்கு ஆகிய மூன்றையும் ஒவ்வொரு பே ஸ்லிப்பிலும் அச்சிடுங்கள். கேட்டால்தான் காட்டுவோம் என்பது நேர்மையல்ல.

படி 4: வரி

2020 ஏப்ரல் முதல் சம்பளத்தில் வரிப் பிடித்தம் உண்டு. இது வெளிநாட்டவருக்கும் பொருந்தும். மாதம் 60,000 ரூஃபியா வரை வரியில்லை. அதற்கு மேல் ஒரு லட்சம் வரை 5.5 சதவீதம், ஒன்றரை லட்சம் வரை 8, இரண்டு லட்சம் வரை 12, அதையும் தாண்டினால் 15. அந்தந்த அடுக்கில் விழும் தொகைக்கு மட்டுமே அந்த விகிதம். 80,000 வாங்கும் இந்தியச் செஃப்புக்கு மேலதிகமான 20,000இல் 5.5 சதவீதம், அதாவது 1,100 ரூஃபியா. சர்வீஸ் சார்ஜையும் சம்பளத்தோடு கூட்டியே அடுக்கு பாருங்கள். புதியவர்கள் தவறவிடுவது இங்கேதான்.

படி 5: தேதி

பிடித்த வரியை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் ‘மிரா’ எனப்படும் வரி ஆணையத்திடம் கணக்கோடு செலுத்த வேண்டும். ஓய்வூதியத் தொகைக்கும் 15ஆம் தேதிதான். நீங்கள் 10ஆம் தேதியை உங்கள் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: வேலை அனுமதிக் கட்டணம் நிறுவனத்தின் செலவு. அதைத் தொழிலாளியின் சம்பளத்தில் கழிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.