கூலருக்குச் சாத்துக்குடித் தோல் ஆகாது

தில்லி சரோஜினி நகர் மார்க்கெட் ஜூஸ் கடையில் சாத்துக்குடித் தோலைக் கேட்டால் பை நிறையத் தருவார்கள், எதற்கு என்று மட்டும் கேட்பார்கள். கொசுப்புழுவைக் கொல்ல என்றால் சிரிப்பு வரும். சிரிக்கட்டும். தோல் எண்ணெயில் இருக்கும் லிமோனீன் புழுவைக் கொல்லும் என்பது ஆய்வுக்கூடங்களில் பலமுறை கண்டது. வீட்டில் எவ்வளவு பலிக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது.

லிமோனீன் வெயிலில் பறந்துவிடும், தண்ணீரிலும் கரையாது. அதனால் தோலைக் காயவைக்காமல் பச்சையாகவே மிக்ஸியில் அரைத்து, சில சொட்டு பாத்திர சோப்புத் திரவம் கலந்து, மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டுகிறேன். சக்கை தண்ணீரில் தங்கினால் அழுகி, மிஞ்சிய புழுவுக்குத் தீனியாகும்.

தொட்டியில் ஊற்றும் முன் புழுவோடு தண்ணீரை மூன்று பாட்டிலில் பிடித்துப் பாருங்கள்: ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் சோப்பு, ஒன்றில் சோப்பும் சாறும். எனக்குச் சோப்பு பாட்டிலிலும் புழு செத்தது, சாறு சேர்ந்ததில் சீக்கிரம் செத்தது. சோப்பின் பங்கைச் சாற்றின் கணக்கில் எழுதக் கூடாது அல்லவா!

ஏர் கூலரில் மட்டும் இதை ஊற்றாதீர்கள். அந்தக் காற்றைத்தான் நாம் இரவெல்லாம் சுவாசிக்கிறோம். தினமும் தண்ணீர் சேர்ப்பதால் சாறும் நீர்த்துப்போகும். 1996-இல் தில்லியில் 10,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. 400 பேருக்கு மேல் இறந்தார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இந்த ஊரில் கூலர்தான் தாய்வீடு. வாரம் ஒருமுறை காலிசெய்து, உட்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். சுவரில் ஒட்டிய முட்டை தண்ணீர் இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதற்குச் சாற்றை நம்ப முடியாது.

கவிழ்த்துக் கொட்ட முடியாத இடங்களுக்குத்தான் சாறு: சிமெண்ட் பூத்தொட்டித் தட்டு, பின்கட்டுச் சாக்கடைப் பொறி.

வேளாண் கழிவில் எனக்கு அதிக நம்பிக்கை வேப்பம் புண்ணாக்கின் மேல்தான். மதுரையில் மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தார் 1990-களில் நெல்வயலில் வேம்பையும், நீரைக் காயவிட்டுப் பாய்ச்சும் முறையையும் சேர்த்துச் சோதித்து, கியூலெக்ஸ் கொசுப்புழுக்களைக் குறைத்துக் காட்டினார்கள். இங்கே நர்சரியில் ‘நீம் கலீ’ என்று கேட்டால் கிடைக்கும். வெயிலில் வீரியம் குறையும் என்பதால் ஊறவைத்து வடித்து, அந்தி சாய்ந்தபின் ஊற்றுங்கள். மீன் விட்ட தொட்டியில் வேண்டாம். கம்பூசியா மீன் இருந்தால் அதுவே புழுவைத் தின்றுவிடும்.

காற்புள்ளிபோல் வளைந்து குட்டிக்கரணம் போடும் கூட்டுப்புழுவைக் கண்டால் வேப்பங்கரைசலுக்காகக் காத்திருக்காதீர்கள். அது எதையும் தின்பதில்லை, ஓரிரு நாளில் பறந்துவிடும். தண்ணீரைக் காய்ந்த மண்ணில் கொட்டிவிடுங்கள்.