வாடகைக் காரில் வேளாங்கண்ணி யாத்திரை



ஆகஸ்ட் 29-ந் தேதி வேளாங்கண்ணியில் கொடி ஏறும். செப்டம்பர் 8-ந் தேதி தேவமாதா பிறந்த திருநாளோடு விழா நிறைவுறும். 1962-ம் ஆண்டு பாப்பரசர் 23-ம் அருளப்பர் அந்த ஆலயத்தைப் பசிலிக்காவாக உயர்த்தினார். நம் திருச்சிராப்பள்ளியிலிருந்து அது தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் வழியாக ஏறக்குறைய 150 கிலோமீட்டர். குடும்பமாய்ச் சேர்ந்து வாடகைக் காரில் போய்வர நினைப்போருக்கு இவ்வாரம் சில காரியங்களைச் சொல்ல விரும்புகிறேன். கார் பேசுவது உலகக் காரியம், யாத்திரை ஞானக் காரியம் என்று இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டாம். ஐந்தாம் கற்பனையும் ஏழாம் கற்பனையும் நம்மோடு காரில் ஏறி வருகின்றன.

1. வாடகை பேசும் முறை

கோபுரம் கட்டப் போகிறவனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை நீங்கள் அறிவீர்கள். முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுங்கள். கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டுச் சம்மதிக்கக் கூடாது. நாள் ஒன்றுக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டர் என்று கேளுங்கள். 250 என்பது பெரும்பாலும் வழக்கம். நாள் என்பது 24 மணி நேரமா, நள்ளிரவு தொடங்கி நள்ளிரவு வரையா? கணக்கு உங்கள் வீட்டு வாசலில் தொடங்குமா, வண்டியின் ஷெட்டில் தொடங்குமா? டிரைவர் பேட்டா, டோல்கேட், பார்க்கிங் ஆகியவை தனியா, சேர்த்தா? இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, இரு தரப்பாரும் ஒவ்வொன்று வைத்துக்கொண்டால் திரும்பி வந்து வாசலில் நின்று வாக்குவாதம் செய்ய வேண்டியிராது. புறப்படும்போது மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் போர்டு வண்டியையே அமர்த்துங்கள். வெள்ளை போர்டு வண்டி சொந்த உபயோகத்துக்கு உரியது. அதை வாடகைக்கு ஓட்டுவது சட்டத்துக்கு விரோதம். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கிடைப்பதிலும் சிக்கல் உண்டாகும். ஏழு பேருக்கு உரிய வண்டியில், குழந்தைகள்தானே என்று பத்துப் பேரை ஏற்ற வேண்டாம். பின் இருக்கையில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும்.

2. டிரைவரின் தூக்கம்

இதுவே நான் முக்கியமாய்ச் சொல்ல வந்தது. பல குடும்பங்களில் யாத்திரை இப்படித்தான் திட்டமிடப்படுகிறது: நள்ளிரவு தாண்டிப் புறப்படுவது, விடியுமுன் போய்ச் சேர்வது, காலைப் பூசை கண்டு, கடலில் குளித்து, மாதா குளத்துக்கும் நடுத்திட்டுக்கும் போய், திரும்பும் வழியில் திருக்காட்டுப்பள்ளிக்கு அருகிலுள்ள பூண்டி மாதா கோவிலையும் பார்த்து, அடுத்த நள்ளிரவுக்குள் வீடு சேர்வது. ஒரே நாள் வாடகையில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

இதில் லாபம் எவ்வளவு என்று பார்ப்போம். கிலோமீட்டருக்கு 14 ரூபாய், பேட்டா நாளுக்கு 500 ரூபாய் என்று பேசியதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் 300 கிலோமீட்டர் போய்வந்தால் 4,200-ம் பேட்டாவும் சேர்த்து 4,700 ரூபாய். ஓர் இரவு தங்கி வந்தால், ஓடிய தூரம் 300-தான் என்றாலும் கணக்கு 500 கிலோமீட்டருக்கு. 7,000-ம் இரண்டு நாள் பேட்டாவும் சேர்த்து 8,000 ரூபாய். வித்தியாசம் 3,300. ஏழு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 470 ரூபாய் சொச்சம். தங்கும் செலவு வேறு. அது ஏழைக் குடும்பத்துக்குச் சிறிய தொகை அல்ல என்பதை நான் அறிவேன். ஆயினும் அதை எதைக் கொடுத்து மிச்சம் பிடிக்கிறோம்? முந்தின பகலெல்லாம் வேறு சவாரிக்கு ஓட்டிவிட்டு வந்த ஒரு மனிதனுடைய தூக்கத்தைக் கொடுத்து. பின்னால் நம் குழந்தைகள் உறங்கிக்கொண்டிருக்க, முன்னால் அவனும் கண் அயர்ந்தால் என்ன ஆகும்?

இன்னொன்றையும் நினையுங்கள். திருவிழா நாட்களில் அதே சாலையில் காவி உடுத்த பாத யாத்திரிகர்கள், வெயிலுக்குப் பயந்து இரவிலும் விடியற்காலையிலும் கூட்டங்கூட்டமாய் நடந்து போகிறார்கள். மாதாவைத் தேடிப் போகும் நம் வண்டி, மாதாவைத் தேடி நடந்து போகிறவர்கள் மேல் ஏறலாமா? தெரிந்தே உயிருக்கு ஆபத்து விளைவிப்பது ஐந்தாம் கற்பனைக்கு விரோதமான குற்றம். மாதா காப்பாற்றுவாள் என்று சொல்லிக்கொண்டு அதைச் செய்வது பக்தி ஆகாது. அது தேவனைச் சோதிப்பதாகும்.

1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்குப் பொதுவாக எட்டு மணி நேர வேலை என்றும், ஐந்து மணி நேரத்துக்கு மேற்படாமல் அரை மணி ஓய்வு என்றும் வகுத்தது. சட்டம் கண்ட நியாயத்தை நம் மனச்சாட்சி காணாதிருக்கலாமா?

ஆகையால், வசதியுள்ளோர் ஓர் இரவு தங்கி வாருங்கள். டிரைவருக்கும் படுக்க இடம் கேட்டு வாங்குங்கள். கொசுக்கடியில் காருக்குள் கிடக்கிறவன் மறுநாள் எப்படி ஓட்டுவான்? ஒரே நாளில் திரும்ப வேண்டியவர்கள், முன்னிரவு தூங்கி எழுந்த டிரைவரைத்தான் வேண்டும் என்று முன்னதாகவே பேசி, விடிந்த பின் புறப்பட்டு, பகலில் அவர் படுத்து எழ இரண்டு மணி நேரம் விட்டு, நேரத்தோடு வீடு திரும்புங்கள். பூண்டியை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கும் இயலாதவர்கள் பஸ்ஸில் போகலாம். 2010 முதல் நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு ரயில் பாதையும் உண்டு. பஸ்ஸில் வந்தவன் ஜெபத்தை மாதா குறைத்துக் கேட்பதில்லை.

3. கூலியும் மரியாதையும்

மெழுகுவர்த்தியின் உயரத்தில் ஓர் அங்குலம் குறைக்கத் துணியாத நாம், டிரைவர் பேட்டாவில் நூறு ரூபாய் குறைக்கப் பார்க்கிறோம். கூலிக்காரன் சம்பளம் பொழுது விடியும்வரை நம்மிடம் தங்கியிருக்கக் கூடாது என்பது பழைய ஏற்பாட்டுக் கட்டளை. பேட்டாவை இறங்கும்போதே அவர் கையில் கொடுங்கள். சாப்பிடும்போது அவரையும் கூப்பிடுங்கள். அவர் இந்துவாகவோ முஸ்லிமாகவோ இருக்கலாம்; நம் வேதத்தைப் பற்றி அவர் படிக்கும் புத்தகம் நம் நடத்தையே.

4. வழியில்

புறப்படுமுன் பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள். வண்டியில் சினிமாப் பாட்டுக்குப் பதில் ஜெபமாலை சொல்லுங்கள். நிறுத்தும் இடந்தோறும் தலைகளை எண்ணுங்கள். பன்னிரண்டு வயதுச் சேசுபாலன் கூட்டத்தோடு வருகிறார் என்று எண்ணி, ஒரு நாள் வழி நடந்த பிறகே சூசையப்பரும் மாதாவும் அவரைத் தேடினார்கள். கடலில் பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். 2004 டிசம்பர் 26-ந் தேதி அந்தக் கரையில் கடல்கோளுக்கு இரையான யாத்திரிகர்களுக்காக ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். ஆபத்துக்கு 108, நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

இவ்வாரத் தீர்மானம்: கார் பேசுகிற குடும்பத்தார், வாடகையைக் கேட்பதற்கு முன், "டிரைவர் எப்போது தூங்குவார்?" என்று கேளுங்கள்.

ஆரோக்கிய மாதா உங்களையும், வழி நடப்போரையும், உங்களை ஓட்டிச் செல்பவரையும் சுகமாய்க் கொண்டுபோய்ச் சுகமாய் வீடு சேர்ப்பாளாக.