அழைத்து வந்த விருந்தினர்

நம் நீர்நிலைகளில் குடியேறிவிட்ட அயல்நாட்டு உயிரினங்களை ‘அழையா விருந்தாளிகள்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அவற்றுள் பலவற்றுக்கு இப்பெயர் பொருந்தாது. ஆகாயத் தாமரை அதன் ஊதா நிறப் பூவுக்காகத் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டது. கம்பூசியா மீனைக் கொசுப் புழுக்களைத் தின்னட்டும் என்று 1928இல் கொண்டுவந்தனர். இவை யாவும் நாமே அழைத்து வந்தவை. ஆகவே, அழைக்கும் முன் என்ன கேட்டிருக்க வேண்டும் என்பதே நாம் ஆராய வேண்டிய கேள்வி.

நம் சந்தைகளில் சிலேபிக் கெண்டை என்ற பெயரில் விற்கும் மீனையே எடுத்துக்கொள்வோம். இதன் தாயகம் ஆப்பிரிக்காவின் தென்கிழக்குப் பகுதி. 1930களில் ஜாவாத் தீவில் காணப்பட்ட இம்மீன் பின்னர் பல ஆசிய நாடுகளுக்கும் சென்றது; 1952இல் இந்தியாவுக்கு வந்தது. ஏழை மக்களுக்கு மலிவான புரத உணவு கிடைக்க வேண்டும் என்ற நோக்கம் நல்லதே. ஆனால் அதன் வாழ்க்கை முறையைப் பாருங்கள். நம் கெண்டை இனங்கள் லட்சக்கணக்கில் முட்டையிட்டு, அவற்றை வெள்ளத்தோடு விட்டுவிடும். பிழைப்பவை மிகச் சில. சிலேபியின் பெண் மீனோ முட்டைகளை வாய்க்குள் வைத்தே பொரிக்கிறது. குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய பின்பும், ஆபத்தென்றால் தாயின் வாய்க்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். இரண்டு மூன்று மாத வயதிலேயே இனப்பெருக்கம் தொடங்கி, ஆண்டுக்குப் பல முறை நிகழ்கிறது. உவர்நீரும் அதற்குச் சம்மதம். பிராண வாயு குறைந்த கலங்கல் நீரும் சம்மதம். நெரிசல் மிகுந்தால் எல்லாமே கையகலத்தில் வளர்ச்சி நின்றுவிடும். பிற மீன்களின் முட்டையையும் குஞ்சையும்கூட அது விட்டுவைப்பதில்லை.

1959இல், அதாவது ஏழே ஆண்டுகளில், இந்திய மீன்வள ஆய்வுக் குழு இதனைப் பரப்புவதற்குத் தடை விதித்தது. அதற்குள் தென்னக நீர்த்தேக்கங்கள் பலவற்றில் மீன் விடப்பட்டுவிட்டது. காகிதத்தில் எழுதிய தடை தண்ணீருக்குள் எப்படிச் செல்லும்?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. உலகின் மிக மோசமான நூறு அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்ற இதே மீனுக்கு அதன் தாயகத்திலேயே ஆபத்து வந்துள்ளது. அங்கே கொண்டுபோய் விடப்பட்ட நைல் சிலேபியோடு கலப்புற்றுத் தன் தனித்தன்மையை அது இழந்து வருகிறது.

ஒரு புதிய உயிரினத்தால் விளையக்கூடிய இடரை மதிப்பிட அறிவியலார் நான்கு படிகளைக் காண்கின்றனர். அது உள்ளே வருமா? வந்தால் நிலைக்குமா? நிலைத்தால் பரவுமா? பரவினால் கெடுதல் எவ்வளவு? ஆஸ்திரேலியாவில் களைச் செடிகளுக்காக வகுக்கப்பட்ட 49 கேள்விகள் கொண்ட முறையை, பின்னர் பிரிட்டனில் நன்னீர் மீன்களுக்கு ஏற்ப மாற்றியமைத்தனர். தாயகத்தின் தட்பவெப்பம் நம்முடையதை ஒத்ததா, முட்டைகளைக் காக்கும் இயல்பு உண்டா, வேறு நாடுகளில் தொல்லை கொடுத்திருக்கிறதா என்று கேட்டு மதிப்பெண் போடுவர். இவற்றுள் கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் விடையே பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறது.

‘பரவுமா’ என்ற கேள்விக்கு நம் பகுதியில் தனி விடை வேண்டும் என்பது என் கருத்து. நம் கண்மாய்கள் தனித்தனிக் குளங்கள் அல்ல. ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அந்நீர் கீழ்க் கண்மாய்க்குப் போகிறது. அது நிறைந்தால் அதற்கும் கீழே. முன்னோர் நீருக்காகச் செய்த இந்த ஏற்பாடு மீனுக்கும் பாதைதான். எனவே, ஒரு கண்மாயில் குஞ்சு விடுகிறவர் உண்மையில் அந்தச் சங்கிலி முழுவதிலும் விடுகிறார்.

கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கும் ‘டேங்க் கிளீனர்’ மீனும் இவ்வாறே ஏரிகளுக்கு வந்து சேர்ந்தது. தொட்டிக்குள் அடங்காத அளவுக்கு வளர்ந்ததும், கொல்ல மனமின்றி அருகிலுள்ள நீர்நிலையில் விட்டுவிடுகின்றனர். இரக்கச் செயல்தான்! ஆனால் அதன் உடலெங்கும் எலும்புத் தகடுகள்; முட்களோ வலையைக் கிழிப்பவை; கரையில் வளை தோண்டி அது முட்டையிடும். மீனவருக்கு விலைபோகாத சுமை அது. தொட்டி மீன் வேண்டாமென்றால் கடைக்காரரிடமே திருப்பித் தரலாம், இறந்ததைப் புதைக்கலாம். நீரில் விடுவது மட்டும் கூடாது.

கடல்வழி வருவதைத் தடுப்பது இன்னும் கடினம். எண்ணூர், பழவேற்காட்டுப் பகுதிகளில் அடிமண்ணைப் பாய்விரித்தாற்போல மூடி, இறாலுக்கும் மஞ்சள் மட்டிக்கும் இடமில்லாமல் செய்துவரும் ‘காக்கா ஆழி’ என்னும் அமெரிக்கச் சிப்பி கப்பல்களோடு வந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது. கப்பல்கள் நிலைப்பாட்டுக்காக ஏற்றிவரும் நீரைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கை 2004இல் உருவாகி 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது.

முன்கூட்டியே காத்ததற்கும் நம்மிடம் ஒரு சான்று உண்டு. 2009இல் வன்னாமி இறாலை அனுமதித்தபோது, இறக்குமதியாகும் தாய் இறால்களைச் சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்தி, நோய்ச் சோதனை செய்த பிறகே பொரிப்பகங்களுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தனர். 1990களின் நடுவில் வெண்புள்ளி நோயால் இறால் பண்ணைகள் பட்ட பாடு மறக்கக்கூடியதா?

சிலேபியை இனி அடியோடு ஒழிப்போம் என்பது வெறும் பேச்சு. கூலி வேலை செய்யும் வீட்டுக்கு எட்டுகிற மீன் இன்று அதுதான். அதை மறந்து பேசுவது நியாயமாகாது. எனினும் அது இன்னும் எட்டாத கண்மாய்களைக் காக்கலாம். மீன்பாசி ஏலம் எடுத்தவர், விலைக்கு வாங்கிய குஞ்சுகளை முதலில் அகன்ற தொட்டியில் கொட்டி, வேற்றினம் கலந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு விடலாம். வரத்துக் கால்வாயில் சிறுகண் வலை கட்டலாம். கோடையில் கண்மாய் வற்றும்போது மடையருகே உள்ள பள்ளங்களில்தான் எஞ்சிய மீன்கள் ஒதுங்கும். அங்கேயே அவற்றை முழுவதும் பிடித்துவிட்டுத் தரையைக் காயவிட வேண்டும். பங்குனி, சித்திரையே இதற்கு ஏற்ற காலம். மறுகால் பாயத் தொடங்கிவிட்டால் எந்த வலையும் போதாது.