மிகுபாரம் ஏற்றுதல்

சாவகர் அறியவேண்டிய பாடமொன்றை அயல்நாட்டுப் பயணம் நமக்கு நினைவூட்டியது. தோழியர் மூவருடன் காரில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துக் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கிற்குச் சென்றோம். கொலராடோ ஆறு அங்கே தென்விளிம்பிலிருந்து 1,300 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் ஓடுகின்றது. குறுகிய மலைத்தடத்தில் கோவேறு கழுதைகள் ஆட்களைச் சுமந்து இறங்குகின்றன.

ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது கோவேறு கழுதை. ஆபத்தை உணர்ந்தால் அது அடியெடுத்து வையாது நிற்கும். அறியாதார் அதனைப் பிடிவாதம் என்பர்.

ஏறுமுன் ஒவ்வொருவரையும் எடை பார்த்தனர். வரம்பை மீறிய தோழி ஒருவர் மறுக்கப்பட்டு மனம் வருந்தினார். கொல்லாமை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தினை அவருக்கு நினைவூட்டினோம்: கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். நான்காவது நேராவண்ணம் அங்கே ஒரு தராசு காத்தது. நம் களத்து நெல்மூட்டைகளை இழுத்த வண்டிமாடுகளுக்காக நாம் ஒருநாளும் எடை பார்த்ததில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். வரம்பிற்கு உட்பட்டிருந்தும் நாம் அன்று ஏறவில்லை. தோழியுடன் விளிம்போரம் நடந்தோம்.

இல்லறத்தார் பாரம் ஏற்றுமுன் தம்மைத் தாமே வினவுவாராக: இவ்வுயிர் இதனை வருந்தாது தாங்குமா?